கன்ட்ரோலரைக் கையில் பிடித்தறியாதவரும் பார்க்கும்படி வீடியோ கேமைத் திரைக்கதையாக்குவது எப்படி?

அதே பெயர் கொண்ட வீடியோ கேமிலிருந்து எடுக்கப்பட்டு, 2016 ஆம் ஆண்டு டங்கன் ஜோன்ஸ் இயக்கத்தில் வெளியான ‘வார்கிராஃப்ட்’ திரைப்படம் சுமார் 16 கோடி டாலர் செலவில் உருவாகி, உலகம் முழுவதும் 43 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. எண்களை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது வெற்றிப் படம் என்றே தோன்றும். ஆனால் அமெரிக்காவில் அது ஏறக்குறைய 4.7 கோடி டாலரோடு நின்றுவிட்டது. மொத்த வசூலில் பாதியளவு சீனாவிலிருந்து வந்தது. அந்த விளையாட்டை ஆண்டுக்கணக்கில் விளையாடிய ரசிகர்கள் சீனாவில் பெருந்திரளாக இருந்தார்கள், அவர்கள் வந்தார்கள். விளையாடாதவர்கள் வரவில்லை, வந்த சிலரும் தமக்குத் தெரியாத குடும்பத்துக் கல்யாணத்தில் மாட்டிக்கொண்டவர்களைப் போல யார் யாருக்கு என்ன உறவு என்று புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வீடியோ கேமிலிருந்து எடுக்கப்படும் பெரும்பாலான படங்களுக்கு நேர்வது இதுதான். கிராஃபிக்ஸ் போதவில்லை, நடிகர் பொருந்தவில்லை, மூலக்கதையை மாற்றிவிட்டார்கள் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. என் கணிப்பில் அவை எல்லாம் இரண்டாம் நிலைக் காரணங்கள். விளையாடுபவருக்குக் கையில் வேலை இருக்கிறது, பார்ப்பவருக்கு இல்லை என்பதே முதல் காரணம். ஒரு கதவைத் திறக்க இருபது நிமிடம் சாவி தேடும் ஒருவருக்கு அந்தச் சாவியின் மீது பற்று வருவதற்குத் தேடியது அவரே என்பதைத் தவிர வேறு காரணம் தேவையில்லை. அதே சாவியைத் திரையில் வேறொருவர் தேடுவதைப் பார்க்கும்போது, அந்தப் பற்று எங்கிருந்து வரும் என்பதைத் திரைக்கதை எழுதுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரு வீடியோ கேமைத் திரைப்படமாகவோ தொடராகவோ, அல்லது வெறும் எழுத்துப் பயிற்சிக்காகவோ தழுவ முனைபவருக்கு அந்த முடிவை எப்படி எடுப்பது என்று காட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் விளையாடுபவருக்குப் பின்னால் உட்காருங்கள்

தழுவப் போகும் விளையாட்டை நீங்களே ஒருமுறை முழுமையாக விளையாடிப் பார்ப்பது அவசியம்தான். ஆனால் அதை மட்டும் செய்தால் ஏமாந்துபோவீர்கள். உங்கள் கை ஓடிய இடமெல்லாம் கதை ஓடியதாக உங்களுக்குத் தோன்றும். எனவே இரண்டாவது முறை வேறொருவரை விளையாடச் சொல்லி, நீங்கள் அவருக்குப் பின்னால் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் உட்காருங்கள். பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொண்டு, அவர் முன்னால் சாயும் நேரத்தை இடப்பக்கமும், நீங்கள் முன்னால் சாயும் நேரத்தை வலப்பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் இடங்கள் எவ்வளவு குறைவு என்பதைக் கண்டு திகைப்பீர்கள்.

இந்த வழக்கம் எனக்கு வந்தது என் அக்கா மகனால். ஒருநாள் இரவு அவன் ஒரு ராட்சத மிருகத்துடன் முக்கால் மணி நேரம் போராடிக்கொண்டிருந்தான். அவன் நெற்றியில் வியர்வை, நானோ தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிருகம் விழுந்த பிறகு அவன் ஒரு பாழடைந்த வீட்டின் வழியாக ஓடினான். மேசை மீது ஒரு கடிதம் கிடந்தது. “டேய், அந்தக் கடுதாசியை எடுத்துப் படிடா” என்றேன். “அது சும்மா மாமா, அதுல ஒண்ணும் கெடைக்காது” என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த அறைக்குப் போய்விட்டான். அவனுக்கு அந்த வீடு தோட்டா கிடைக்கும் இடம். எனக்கோ, அங்கே யார் வாழ்ந்தார்கள், ஏன் போனார்கள் என்பதே கேள்வி. உங்கள் நோட்டின் வலப்பக்கத்தில் சேர்வது பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான்: விளையாடுபவர் தாண்டிப் போகும் கடிதங்கள், பின்னணியில் யாரோ பேசும் பேச்சு, காலி நாற்காலி.

இது கற்பனையான அறிவுரை அல்ல என்பதற்கு, மனிதரை வெறிபிடித்தவராக்கும் ஒரு பூஞ்சைத் தொற்றால் அழிந்த உலகத்தைப் பற்றி, அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்.பி.ஓ. 2023 இல் வெளியிட்ட ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடரின் மூன்றாம் பகுதியே சான்று. 2013 இல் வந்த மூல விளையாட்டில் பில் என்ற முரட்டு மனிதனைச் சந்திக்கிறோம். அவனுடைய துணைவனான ஃபிராங்க் என்பவனை நாம் உயிரோடு பார்ப்பதே இல்லை. ஒரு வீட்டில் அவன் தூக்கில் தொங்குகிறான், அருகே பில்மீது கசப்பைக் கொட்டி எழுதிய ஒரு சீட்டு இருக்கிறது, அதைக்கூடப் படிக்காமலே தாண்டிப் போகலாம். தொடரை உருவாக்கிய கிரெய்க் மேசினும், விளையாட்டை எழுதிய நீல் டிரக்மனும் அந்தச் சீட்டு இருந்த இடத்தை ஒரு முழுப் பகுதியாக்கினார்கள். அதில் அந்த இருவரும் சந்தித்து, சேர்ந்து வாழ்ந்து, முதுமை அடைந்து, சேர்ந்தே சாகிறார்கள்; கசப்பும் அன்பாக மாறிவிட்டது. துப்பாக்கிச் சண்டை மிகக் கொஞ்சம். அந்தத் தொடரிலேயே மிக அதிகமாகப் பேசப்பட்ட பகுதிகளில் ஒன்றாக அது ஆனதற்கும், பில்லாக நடித்த நிக் ஆஃபர்மன் தொலைக்காட்சிக்கான எம்மி விருது பெற்றதற்கும் அடித்தளம், விளையாட்டில் யாரும் நின்று பார்க்காத ஒரு துண்டுக் காகிதம்.

கையிலிருந்த வேலையை மனத்துக்கு மாற்றுங்கள்

அடுத்ததுதான் உழைப்பு மிகுந்த வேலை. விளையாட்டில் விறுவிறுப்பான ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்துக்கொண்டு, ‘இங்கே விளையாடுபவரின் விரல் என்ன செய்தது, அதற்குப் பதிலாகப் பார்வையாளரின் மனம் என்ன செய்யப் போகிறது’ என்று எழுதிப் பாருங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் அந்தக் கட்டம் திரையில் நிற்காது.

அதே ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ படைப்பின் தொடக்கத்தை இரு வடிவங்களிலும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல பாடம். விளையாட்டில் சாரா என்ற சிறுமி தன் அப்பா ஜோயலுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு கைக்கடிகாரம் தருகிறாள். சிறிது நேரத்தில், நடு இரவில் தொலைபேசி ஒலித்து அவள் விழிக்கிறாள். அந்தக் கணத்திலிருந்து சாராவை நடத்துவது நாம்தான். இருட்டு வீட்டில், அப்பாவைத் தேடி, ஒவ்வோர் அறையாக நம் விரலால் அவளை நடத்திச் செல்கிறோம். தொலைக்காட்சியில் செய்தி ஓடுகிறது, தூரத்தில் வெடிச் சத்தம் கேட்கிறது. அவளுடைய பயம் நம்முடையதாவதற்குச் சில நிமிடங்களே போதுமாக இருக்கின்றன, ஏனென்றால் அந்தச் சிறுமியின் கால்கள் நம் கையில் இருக்கின்றன. பிறகு அவள் கொல்லப்படும்போது, நம் கையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கியது போலிருக்கிறது.

திரையில் அந்தக் கால்கள் நம் கையில் இல்லை. இருட்டு வீட்டு நடையை அப்படியே படமாக்கியிருந்தால், யாரோ ஒரு பெண் யாரோ ஒரு வீட்டில் நடக்கிறாள் என்ற அளவில் முடிந்திருக்கும். எனவே தொடரில் அந்த இரவுக்கு முந்தைய பகல் முழுவதும் புதிதாக எழுதப்பட்டது. சாரா காலை உணவு சமைக்கிறாள், பள்ளிக்குப் போகிறாள், அப்பாவின் உடைந்த கைக்கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கடைக்கு எடுத்துப் போகிறாள். கடைக்காரரின் மனைவி பதற்றத்துடன் உள்ளிருந்து வந்து, கடையை மூட வேண்டும், நீ வீட்டுக்குப் போ என்கிறாள். காரணம் சொல்லப்படுவதில்லை. பிறகு பக்கத்து வீட்டில் அவள் டி.வி.டி. அலமாரியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்குப் பின்னால், கேமராவின் கூர்மை படாத மங்கலில், சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டியின் உடல் முறுக்கிக்கொள்கிறது. அவள் அதைப் பார்க்கவில்லை, நாம் பார்க்கிறோம். விளையாட்டில் நம் விரலுக்கு இருந்த வேலைக்கு ஈடாக, அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது என்ற தவிப்பு இங்கே மனத்துக்கு வேலையாகத் தரப்படுகிறது. மரணம், துப்பாக்கி ஏந்திய சிப்பாய், அப்பாவின் கதறல் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் அங்கே போய்ச் சேர விளையாட்டுக்குத் தேவைப்படாத ஒரு முழுப் பகல் திரைக்குத் தேவைப்பட்டது.

இதற்கு நேர்மாறான முயற்சியும் உண்டு. 2005 இல் வந்த ‘டூம்’ படத்தின் இறுதியில் சில நிமிடங்களுக்குக் கேமரா நாயகனின் கண்ணாகவே மாறி, துப்பாக்கிக் குழல் மட்டும் முன்னால் தெரிய, விளையாட்டைப் போலவே நகர்கிறது. ரசிகர்கள் அதை இன்றும் பேசுகிறார்கள். மற்றவர்களுக்கு அது பக்கத்து இலையில் பாயசம் பரிமாறுவதைப் பார்க்கும் அனுபவம்.

மரணத்தையும் இந்த இடத்திலேயே கவனித்துவிடுங்கள். விளையாட்டில் செத்தால் திரும்ப வரலாம், அங்கே ஆபத்து என்பது விளையாடுபவர் இழக்கும் நேரம். படத்தில் அந்த ஆபத்து இல்லை. ஆகவே நாயகன் தோற்றால் அவனுக்கு எது திரும்பக் கிடைக்காது என்பதை முதல் கால்மணி நேரத்துக்குள் பார்வையாளருக்குக் காட்டியாக வேண்டும்.

விவரம் தெரியாத ஒருவரைக் கதைக்குள் விடுங்கள்

பல விளையாட்டுகளின் நாயகர்கள் வேண்டுமென்றே வெறுமையாகப் படைக்கப்பட்டவர்கள். அவர்கள் பேசுவதில்லை, சிலருக்கு முகமே தெரியாது, ஏனென்றால் அந்த வெற்றிடத்தில் விளையாடுபவர் தம்மை நிரப்பிக்கொள்கிறார். திரையில் அந்த வெற்றிடம் வெற்றிடமாகவே நிற்கும். அவர்களுக்கு விருப்பமும் பிடிவாதமும் தவறும் எழுதித் தர வேண்டும். அப்படி எழுதினால் ‘எங்கள் ஆள் இவர் இல்லை’ என்று ரசிகர்கள் முறையிடுவார்கள். இந்தச் சிக்கலுக்கு இரண்டு படைப்புகள் ஒரே வழியைக் கண்டுபிடித்தன: விளையாட்டில் இல்லாத ஒருவரை நடுவில் நிறுத்துவது.

பால் டபிள்யூ. எஸ். ஆண்டர்சன் எழுதி இயக்கிய 2002 ஆம் ஆண்டு ‘ரெசிடென்ட் ஈவில்’ படத்தில் மில்லா ஜோவோவிச் நடித்த ஆலிஸ் என்ற பாத்திரம் மூல விளையாட்டில் இல்லை. அவள் நினைவிழந்த நிலையில் குளியலறையில் கண் விழிக்கிறாள். தான் யார், இந்த மாளிகை எது என்று அவளுக்கும் தெரியாது, விளையாட்டைத் தொடாத நமக்கும் தெரியாது. விமர்சகர்கள் அந்தப் படங்களைப் பாராட்டவில்லை என்பது உண்மை, எனக்கும் பின்னால் வந்தவை பிடிக்கவில்லை. ஆயினும் 2016 வரை ஆறு படங்கள் வந்து, மொத்தம் 120 கோடி டாலருக்கு மேல் வசூலித்தன. படத்தைப் பின்தொடர விளையாட்டு தெரிந்திருக்கத் தேவையில்லை என்ற ஓர் ஏற்பாடு அவ்வளவு தூரம் தாங்கியது.

2024 இல் அமேசான் வெளியிட்ட ‘ஃபால்அவுட்’ தொடர் இதையே இன்னும் நயமாகச் செய்தது. அது எந்த ஒரு விளையாட்டின் கதையையும் எடுத்துக்கொள்ளவில்லை, அந்த உலகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு புதுக்கதை சொல்கிறது. அணுகுண்டுப் போருக்குப் பிறகு நிலவறையில் தலைமுறைகளாக வாழும் மக்களிடையே பிறந்த லூசி, கடத்தப்பட்ட அப்பாவைத் தேடி முதன்முதலாக மேலே வருகிறாள். வெளியுலகத்தின் சட்டம், பணம், மிருகம், மனிதர் எதுவும் அவளுக்குத் தெரியாது. அவள் கற்றுக்கொள்ளும் வேகத்திலேயே நாமும் கற்றுக்கொள்கிறோம். அப்பாவைத் தேடும் மகள் என்பதைப் புரிந்துகொள்ள எவருக்கும் எந்த முன்னறிவும் தேவையில்லை. விளையாடியவர்களோ, பின்னணியில் வரும் விளம்பரப் பலகையிலும் பானப் புட்டியின் மூடியிலும் தமக்கான மகிழ்ச்சியைத் தனியே எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்குச் சாப்பாடு, இன்னொருவருக்கு வெறும் வாசனை என்றில்லாமல் இருவருக்கும் இலை போடப்பட்டது.

பெயர்களை எண்ணுங்கள்

இனி ‘வார்கிராஃப்ட்’டுக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் அந்தப் படத்தின் தொடக்கத்தில் ஒரு நல்ல படம் ஒளிந்திருக்கிறது. ஓர்க் என்ற கற்பனை இனத்தின் தலைவன் டுரோட்டன் தன் நிறைமாதக் கர்ப்பிணி மனைவி டிராக்காவுடன் பேசிச் சிரிக்கிறான். அழிந்துவரும் தங்கள் உலகத்தை விட்டு வேறோர் உலகத்துக்குப் போகப் போகிறார்கள், அந்தப் பயணத்திலேயே குழந்தை பிறக்கிறது. கோரைப்பல் கொண்ட உருவம் என்றாலும் அந்தத் தவிப்பு எந்த ஊர்க்காரருக்கும் விளங்கும். அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் கதை உடனே மனிதர்கள் பக்கம் தாவுகிறது. லோத்தார், கட்கர், மெடிவ், லேன், கரோனா, குல்டான் என்று ஆட்கள். ஸ்டார்ம்விண்ட், அயர்ன்ஃபோர்ஜ், கராஸன், டலாரன் என்று இடங்கள். இவற்றோடு ‘ஃபெல்’ என்ற பச்சை மந்திர சக்தி வேறு. விளையாடியவருக்கு ஒவ்வொரு பெயரும் பழைய நண்பர். விளையாடாதவருக்கு அது ரயில் நிலைய அறிவிப்பு.

தெருக்கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைப் பாடி, கட்டியங்காரன் கேள்வி கேட்டுப் பதில் வாங்கிய பிறகே களரியில் முழுமையாக இறங்குகிறான். ஊருக்கே கதை தெரிந்த இடத்தில் அவ்வளவு நிதானம் காட்டுகிறார்கள். கதை தெரியாத கூட்டத்துக்கு நாம் காட்டும் அவசரத்தை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

செய்முறை எளிது. உங்கள் திரைக்கதையின் முதல் இருபது பக்கங்களில், விளையாடாதவர் இதுவரை கேட்டிராத ஒவ்வொரு பெயரின் கீழும் சிவப்புக் கோடு போடுங்கள். ஆள், ஊர், குலம், ஆயுதம், நோய், மந்திரம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் ‘அப்பா’, ‘கோட்டை’, ‘விஷம்’ போன்ற பொதுச் சொல்லால் மாற்றிப் படித்துப் பாருங்கள். மாற்றியும் காட்சி குலையாமல் இருந்தால் அந்தப் பெயர் அங்கே தேவையில்லை. மாற்றினால் குலைகிறது என்றால், அந்தப் பெயருக்கு உரியதைச் சொல்லால் விளக்காமல், ஒரு செயலில் காட்டிய பிறகே பெயரைச் சொல்லுங்கள்.

எதை விடுவது

ரசிகர்களுக்குப் பிடித்ததையெல்லாம் காப்பாற்றுவது மரியாதை என்று நினைக்க வேண்டாம். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டில் பூஞ்சை விதைத்துகள் காற்றில் பரவுவதால் பாத்திரங்கள் முகமூடி அணிவார்கள். தொடரின் முதல் பருவத்தில் அதைக் கைவிட்டு, தரையில் படரும் நரம்பு போன்ற இழைகளாக மாற்றினார்கள். முகமூடிக்குள் நடிகரின் முகம் மறைந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. விளையாட்டில் முகம் பாதி மறைந்தாலும் நட்டமில்லை, திரையில் முகம்தான் முதலீடு.

தவறான பகுதியை வைத்துக்கொள்வதும் உண்டு. 2016 இல் மைக்கேல் ஃபாஸ்பெண்டர் நடித்த ‘அஸாஸின்ஸ் கிரீட்’ படத்தில், பதினைந்தாம் நூற்றாண்டு ஸ்பெயினின் கூரைகள் மீது ஓடும் கொலையாளிகளைக் காண வந்தவர்கள், பெரும் பகுதி நேரம் முன்னோரின் நினைவுகளுக்குள் நாயகனை அனுப்பும் இக்கால ஆய்வுக்கூடம் ஒன்றின் சாம்பல்நிறச் சுவர்களையே பார்த்தார்கள். விளையாட்டிலும் அந்த ஆய்வுக்கூடப் பகுதி உண்டு, ஆனால் அது வாசற்படி போன்றது. வாசற்படியை வீடாகக் கட்டியதில் ரசிகரும் நிறைவடையவில்லை, புதியவரும் நிறைவடையவில்லை. மறுகோடியில் 1993 ஆம் ஆண்டு ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ நிற்கிறது. விளையாட்டின் பளிச்சென்ற காளான் நாட்டை விட்டுவிட்டு, டைனோசர் வழிவந்தவர்கள் வாழும் இருண்ட நகரம் ஒன்றை அதில் கட்டினார்கள். விளையாட்டின் கதையை மாற்றியது குற்றமில்லை, மாற்றும் அளவுக்குக்கூட அதில் கதை இல்லை. அதன் நிறத்தையும் துள்ளலையும் தூக்கி எறிந்ததுதான் பிழை. கதையை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம் என்றும், அந்த விளையாட்டைத் தொட்ட கைக்கு நினைவிருக்கும் உணர்வை மட்டும் மாற்றக் கூடாது என்றும் நான் விதி வைத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. 2023 இல் வந்த புதிய மாரியோ அனிமேஷன் படம் 130 கோடி டாலருக்கு மேலும், 2025 இல் வந்த ‘எ மைன்கிராஃப்ட் மூவி’ 90 கோடி டாலருக்கு மேலும் வசூலித்தனவே, அவற்றில் இவ்வளவு நுணுக்கமா இருந்தது என்று கேட்கலாம். இல்லைதான். மைன்கிராஃப்ட் விளையாட்டு 30 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றது. மாரியோவைத் தாத்தா விளையாடினார், பேரனும் விளையாடுகிறான். அந்த அளவில் ரசிகர் கூட்டமே பொதுமக்கள் கூட்டம். நீங்கள் எடுத்திருக்கும் விளையாட்டு அப்படிப்பட்டதா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் இருக்காது.

இருக்காது என்றால் செலவையும் அதற்கேற்ப எழுத வேண்டும், ஏனென்றால் பொதுப் பார்வையாளர் எத்தனை பேர் தேவை என்பதைத் தீர்மானிப்பது பட்ஜெட்தான். விளையாட்டை உருவாக்கிய ஹிரோனொபு சகாகுச்சியே இயக்கிய ‘ஃபைனல் ஃபேன்டஸி: தி ஸ்பிரிட்ஸ் விதின்’ 2001 இல் சுமார் 13.7 கோடி டாலர் செலவில் வந்து, ஏறக்குறைய 8.5 கோடி டாலரே வசூலித்தது. அதைத் தயாரித்த ஸ்டூடியோவும் மூடப்பட்டது. 2023 இல் ‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெடீஸ்’ சுமார் 2 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, 29 கோடி டாலர் அளவுக்கு ஈட்டியது. இரண்டாவதற்கு ரசிகர் மட்டும் வந்திருந்தாலும் கணக்கு நேராகியிருக்கும். அறுநூறு பேர் மோதும் போர்க்களத்தை எழுதும் முன், அதே மோதலை ஓர் அறைக்குள் இருவருக்கிடையே எழுத முடியுமா என்று பாருங்கள்.

இருவரிடம் கொடுங்கள்

எழுதி முடித்த பிரதியை இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் அந்த விளையாட்டில் ஊறியவராகவும், மற்றவர் கன்ட்ரோலரைக் கையில் பிடித்தே அறியாதவராகவும் இருக்கட்டும். அம்மா, சித்தி, மேல்மாடி ஓய்வுபெற்ற ஆசிரியர் என யாராக இருந்தாலும் சரி. ரசிகர் சொல்லும் குறைகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உடனே திருத்த வேண்டாம். மற்றவரிடம் கருத்து கேட்கவே வேண்டாம். இரண்டு நாள் கழித்து, தேநீர் நேரத்தில், கதையைத் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். “அந்த அப்பா இருக்கானே, அவன் பொண்ணைக் கூட்டிட்டுப் போறான்ல” என்று பெயரெல்லாம் மறந்து சொன்னாலும் கவலைப்பட வேண்டாம், அந்தப் பகுதி நிற்கிறது. நடுவில் நிறுத்தி, “அந்த நீலக் கல்லு எதுக்குன்னுதான் புரியல” என்று அவர் சொன்னால், ரசிகர் அந்தக் கல்லை எவ்வளவு பாராட்டியிருந்தாலும், பிரதியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போங்கள்.